துணி அறையில் இருப்பவள்

வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களிலேயே அவளுக்குக் கால்கள் வீங்கிவிட்டன. ஒரு ஷிப்ட் முடிந்தால், ஆள் இல்லை என்று மேட்ரன் அடுத்ததிலும் நிறுத்திவிடுவாள். மேட்ரனும் நம்மூர்க்காரிதான். எல்லாருடைய பாஸ்போர்ட்டுகளும் அவள் அலமாரியில் இருந்தன.

இவளோ போனில் அம்மாவிடம், "இங்க ராணி மாதிரி இருக்கேம்மா" என்பாள்.

"ராணிக்கு ஏன்டி தொண்டை கம்முது?"

ஒரு நாள் மதியம் அவளால் நிற்கவே முடியவில்லை. "மேடம், இன்னிக்கு மட்டும் விட்டுடுங்க. கண்ணு இருட்டுது."

மேட்ரன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பளாரென்று அறைந்தாள். தரதரவென்று இழுத்துப்போய், அழுக்குத் துணி போடும் அறையில் தள்ளிப் பூட்டினாள்.

"உள்ளயே கெட. திமிர் அடங்கட்டும்."

ஜன்னல் இல்லாத அறை. பினாயில் நெடி. அதற்கடியில் காய்ந்த ரத்தத்தின் வாடை. துணி மூட்டைகளுக்கு நடுவே சரிந்து உட்கார்ந்தாள்.

யாரோ மூச்சு விட்டார்கள்.

அவளுடைய மூச்சு அல்ல.

சில்லென்ற விரல்கள் அவள் ஷூவைக் கழற்றின. வீங்கிய பாதத்தை இதமாகப் பிடித்துவிட்டன. பயத்தில் காலை இழுத்துக்கொண்டாள்.

"உன்னையும் அடைச்சுட்டாளா? நீ உக்காரு கண்ணு. அவள நான் பாத்துக்கறேன்."

பூட்டிய கதவு பெயர்ந்து வெளியே விழுந்தது.

வராந்தாவில் மேட்ரனின் தலை வெடுக்கென்று பின்னால் இழுபட்டது. இழுத்தவர் யாரும் இல்லை. முகம் சுவரில் மோதியது. மறுபடியும். மறுபடியும். பற்கள் தெறித்தன. ஒரு முழங்கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கி, விறகு மாதிரி ஒடிந்தது.

"விட்டுடுடி! மறந்துட்டேன்டி!" காற்றைப் பார்த்து அலறினாள் மேட்ரன்.

வார்டில் கூட வேலை பார்க்கும் அக்கா ஓடிவந்து, துணி அறை வாசலில் நின்றவளை அணைத்துக்கொண்டாள்.

"போன வருஷம் ஒரு பொண்ண காய்ச்சலோட உள்ள தள்ளிப் பூட்டினா. தொறக்கவே இல்ல," என்றாள் அக்கா. "மாரடைப்புன்னு சொல்லி பெட்டியில ஊருக்கு அனுப்பிட்டாங்க."

மறுநாள் நர்ஸ்கள் எல்லாரும் சேர்ந்து அலமாரியை உடைத்துப் பாஸ்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். ஊருக்குக் கிளம்பும் முன், மனசு கேட்காமல், அவள் மேட்ரனைச் சேர்த்திருந்த அறையை எட்டிப் பார்த்தாள்.

மேட்ரன் படுத்திருக்கவில்லை. ஒடிந்த காலோடு கட்டிலருகே நின்றிருந்தாள். மாவுக்கட்டு முழுக்க ரத்தம் ஊறியிருந்தது.

"மேடம்... படுங்க."

"விட மாட்டேங்கறாடி." பல்லில்லாத வாய் கோணியது. "ட்யூட்டி முடியலயாம்."

அவள் கீழே பார்த்தாள்.

மேட்ரனின் பாதங்கள் தரையைத் தொடவில்லை.