சுபலட்சுமி அத்தையின் முப்பத்திரண்டாவது லெவல்

என் பெயர் அக்ஷரா. காரைக்குடியில் ஆறாம் வகுப்பு படிக்கிறேன். வீடியோ கேம் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் எங்கள் வகுப்பில் என்னிடம்தான் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நானே போய்ச் சொல்லிவிடுவேன்.

வகுப்புச் சுவரிதழில் ‘அக்ஷரா மார்க் போடுகிறாள்’ என்று வாரம் ஒரு பக்கம் எழுதுகிறேன். பத்துக்கு மார்க். நான் கொஞ்சம் கறார்.

புதிய கேம் என்றால் அதில் வரும் ஊர் பெரிதாக இருக்க வேண்டும். இங்கிருந்து சிவகங்கை வரைக்கும் நடந்தாலும் தீரக் கூடாது. மழை பெய்தால் ரோடு நனைய வேண்டும். ‘இதை அழுத்து, அதை அழுத்து’ என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினால் இரண்டு மார்க் குறைப்பேன். நடுவில் விளம்பரம் வந்தால் இன்னும் மூன்று.

பழைய கேமா? பேச்சே வேண்டாம். ஒரு நண்டு லேசாகத் தொட்டாலே செத்துப்போகிறவனை வீரன் என்று எப்படிச் சொல்வது? காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே பாட்டு வேறு. இத்தனைக்கும் நான் எந்தப் பழைய கேமையும் ஆடியதில்லை. வீடியோவில் பார்த்ததோடு சரி. ஆனாலும் கருத்து மட்டும் கெட்டியாக இருந்தது.

என் தோழி கீர்த்திக்கு இது பிடிக்கவில்லை.

“சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வா. சாயங்காலம் எங்க அம்மா ஒண்ணு காட்டப் போறாக. பாத்துட்டு மார்க் போடு” என்றாள்.

“என்னது?”

“வந்து பாரு.”

கீர்த்தியின் வீடு மானகிரியில். அவள் அம்மா சுபலட்சுமி அத்தை தையல்காரர். முன்னறை முழுக்க ரவிக்கைகள் தொங்கின.

“வா ஆத்தா, உக்காரு. நூல் தீந்துபோச்சு. கடை வரைக்கும் போயிட்டு ஓடியாந்துர்றேன்” என்று அத்தை கிளம்பினார். கீர்த்தி எனக்குப் பணியாரம் எடுத்துவர உள்ளே போனாள். நான் மட்டும் அறையில் இருந்தேன்.

டிவி அணைந்திருந்தது. அதற்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி. தையல் மெஷினுக்கு வைத்ததுபோல அதற்கும் ஆயுத பூஜைக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. தொட்டுப் பார்த்தேன். நல்ல சூடு.

எங்கள் அப்பா மின்வாரியத்தில் வேலை பார்க்கிறார். ஆளில்லாத அறையில் விசிறி ஓடினால் அவருக்கு வயிறு எரியும். எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாருமே பயன்படுத்தாமல் ஒரு பெட்டி சும்மா சூடாகிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு உட்கார்ந்தேன்.

கீர்த்தி தட்டோடு வந்தாள். பெட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“லைட்டு எங்க?”

“நான்தான் அணைச்சேன். சூடா இருந்துச்சு.”

“அய்யய்யோ! அம்மா முப்பத்திரண்டாவது லெவல்ல இருந்தாகடி!”

“அதுக்கென்ன? திரும்பப் போட்டா விட்ட இடத்துலருந்து வரும்.”

“இது பழைய கேம்டி. அணைச்சா அம்புட்டும் போச்சு. முதல்லருந்துதான் ஆடணும்!”

நான் சுவரில் இருந்த சுவிட்சைத் திரும்பிப் பார்த்தேன்.

கீர்த்தி அழாத குறையாகச் சொன்னாள். கேமின் பெயர் ‘தாவும் தவளை’. மொத்தம் முப்பத்திரண்டு லெவல். அத்தை சின்னப் பெண்ணாக இருந்தபோதே ஆட ஆரம்பித்தது. ஆனால் கடைசி லெவல் வரும்போதெல்லாம் தண்ணீர் பிடிக்கவோ சாப்பிடவோ யாராவது கூப்பிட்டு, பெட்டியையும் அணைத்துவிடுவார்கள். இன்றுவரை முடிவை அவர் பார்த்ததே இல்லை.

இந்த மாதம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாள் புதன்கிழமை. அது முடிந்ததும் அன்று சாயங்காலமே அத்தை ஆரம்பித்திருக்கிறார். ஒரு ரவிக்கை தைத்ததும் பத்து நிமிடம் ஆட்டம். பிறகு அப்படியே நிறுத்திவைத்து, டிவியை மட்டும் அணைத்துவிட்டு, அடுத்த ரவிக்கை. பெட்டி இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருந்தது. இன்று சாயங்காலம் கடைசி லெவலை எங்களுக்கு ஆடிக்காட்டுவதாக இருந்தார்.

மின்தடை அறிவிப்பைப் பார்த்து நாள் குறித்தவர்தான். நான் வருவதை எந்த அறிவிப்பிலும் போடவில்லையே.

கீர்த்தி என் காதருகே வந்தாள். “கரண்டு போயிருச்சுன்னு சொல்லிருவோமா?”

சுலபமான பொய். அத்தை உடனே நம்பிவிடுவார். ஆனால் கையில் எடுத்த பணியாரத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

அத்தை செருப்பைக் கழற்றும்போதே எழுந்து நின்றேன்.

“அத்தை, தெரியாம நான் பெட்டியை அணைச்சுட்டேன்.”

அத்தை பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“மூணு நாளு” என்றார். அவ்வளவுதான். அதற்குத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வாங்கி வந்த நூலை மெஷின்மேல் வைத்துவிட்டு அவரே சொன்னார். “அழுகாத ஆத்தா. நீ வேணுமுன்னா செஞ்ச?”

“திரும்ப ஆடுங்க அத்தை!”

“எங்குட்டு நேரம்? திங்கக்கிழமைக் கல்யாணத்துக்குப் பதினாலு ரவிக்கை. தச்சாச்சு, ஆனா எல்லாத்துக்கும் ஹூக் கட்டணும். அது முடிஞ்சா அடுத்த கல்யாணம். அதுக்குள்ள அடுத்த மாசக் கரண்டு கட்டும் வந்துரும்.”

“அப்ப நான் ஆடி முப்பத்தொண்ணு வரைக்கும் கொண்டாந்து தர்றேன்” என்று ஜாய்ஸ்டிக்கை எடுத்தேன். பெரிய பெரிய நகரங்களைச் சுற்றி வந்தவள் அல்லவா நான்!

முதல் நண்டிலேயே தவளை செத்தது. இரண்டாவது உயிர் தண்ணீரில் போனது. மூன்றாவதும் அதே நண்டுக்குத்தான். ஒன்பது தரம் முயன்றும் நாலாவது லெவலைத் தாண்ட முடியவில்லை. புதிய கேமில் ஓடிக்கொண்டே இருந்தால் போதும். இதில் ஒவ்வொரு தாவலுக்கும் நின்று யோசிக்க வேண்டியிருந்தது.

“நண்டைப் பாத்ததும் அம்புட்டு அவசரம் ஏன் ஆத்தா? அது போகட்டும்னு நில்லு” என்று அத்தை சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு ரவிக்கைக் குவியலைப் பார்த்தேன். அத்தைக்கு வேண்டியது ஆடுவதற்கு ஆள் இல்லை. நேரம்தான்.

“அத்தை, ஹூக் கட்டச் சொல்லித் தாரீகளா? நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நானும் கீர்த்தியும் கட்டுறோம். நீங்க ஆடுங்க.”

அத்தை யோசித்தார். பிறகு ஒரு துண்டுத் துணியையும் ஊசியையும் என் கையில் கொடுத்தார். நான் கட்டிய முதல் மூன்று ஹூக்கையும் ஒரே இழுப்பில் பிய்த்துப்போட்டார். நான்காவதை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, “ம், இது நிக்கும்” என்றார். என்னைவிடக் கறார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே அப்பா என்னை வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

“இன்னிக்கு மானகிரியில கரண்டு போகாதுல்லப்பா?”

“போகாது. ஏன் கேக்குற?”

“போகவே கூடாது” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

அத்தை ஆடினார். நாங்கள் ஹூக் கட்டினோம். பத்தாவது லெவலில் இரண்டு ரவிக்கை முடிந்தது. இருபதாவது லெவலில் ஏழு. என் விரலில் ஊசி குத்திய இடங்களை எண்ணுவதை அதற்குள் விட்டுவிட்டேன். அந்த ஒரே பாட்டுக்குத் தக்கபடி என் கை தானாக ஊசியை இழுத்தது.

“இந்த கேமுக்கு எத்தனை மார்க்?” என்று கீர்த்தி கேட்டாள்.

“பேசாத, ஹூக் கோணிக்கிரும்.”

முப்பத்திரண்டாவது லெவல் வந்தபோது மணி நாலு. அத்தையிடம் ஒரே ஓர் உயிர்தான் மிச்சம். அப்போது பார்த்து வாசலில் குரல் கேட்டது.

“சுபலட்சுமி! ரவிக்கை ஆச்சா?”

கல்யாண வீட்டுப் பொன்னுத்தாயி அக்கா. அத்தை ஆட்டத்தை நிறுத்திவைக்கக்கூட மறந்து, பாதித் தாவலில் எழப் பார்த்தார்.

“நீங்க உக்காருங்க அத்தை!” என்று நான் எழுந்து ஓடினேன். முடித்த பதின்மூன்றையும் அக்கா முன்னால் அடுக்கி, “இன்னும் ஒண்ணுதான். உள்ள வந்து உக்காருங்க” என்றேன். அவர் ஒவ்வொரு ஹூக்காக இழுத்துப் பார்த்தார். ஒன்றுகூடக் கழன்று வரவில்லை. நிம்மதியாக உட்கார்ந்தவர் டிவியைப் பார்த்தார்.

“அந்தத் தவளை எங்குட்டுடி போகுது?”

“உஷ்!” என்றோம் மூவரும்.

தவளை ஒரு கல்லில் தாவியது. நின்றது. நண்டு போகட்டும் என்று காத்திருந்தது. அடுத்த கல். அதற்கடுத்த கல். கடைசியாக ஒரு பெரிய தாவல்.

பாட்டு நின்றது. தவளை ஒரு தாமரை இலையில் உட்கார்ந்து, எங்களைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டது. கீழே ஆங்கிலத்தில் ஒரே வரி. கீர்த்தி படித்துச் சொன்னாள். “விளையாடியதற்கு நன்றி.”

வாணவேடிக்கை எதுவும் இல்லை. இவ்வளவுதானா என்று கேட்க வாயைத் திறந்தேன். அத்தையின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டே டிவியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“நான்தான்டா உனக்கு நன்றி சொல்லணும்!”

பிறகு எங்கள் இருவரையும் இழுத்து அணைத்துக்கொண்டார். “உங்களுக்கும்தான் தங்கங்களா. நீங்க இல்லாட்டி இதை நான் பாத்திருக்கவே மாட்டேன்.”

“நான்தான் அத்தை நன்றி சொல்லணும். நீங்க என்னையத் திட்டவே இல்லையே” என்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பொன்னுத்தாயி அக்கா எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“என்னத்தா இது, ஆளாளுக்கு நன்றி சொல்லிக்கிட்டு அழுகுறீக? அதை இங்குட்டுக் குடுங்க. நானும் ஒரு கை பாக்குறேன்.”

ஜாய்ஸ்டிக்கை வாங்கினார். தவளை முதல் தாவலிலேயே தண்ணீரில் விழுந்தது. அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“ரவிக்கை கிடக்கட்டும். இன்னொரு தரம் போடு!”