பசித்தவர் வந்து உட்காரட்டும்

டமார்!

ராஜபாளையம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. சத்தியநேசனின் கையிலிருந்து நழுவிய தகரப் பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. இரண்டு சேலை, கஞ்சி மாவு டப்பா, வேதப்புத்தகம், டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதம், எல்லாம் புழுதியில் சிதறிக் கிடந்தன. அவற்றைப் பொறுக்கி உள்ளே திணிக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. பத்தரை மணிக்கு வரவேண்டிய ரயில் சங்கரன்கோவில் பக்கம் எஞ்சின் கோளாறாகி நின்று நின்று, இரண்டேகால் மணிக்குக் கொண்டுவந்து தள்ளியிருந்தது.

பெஞ்சில் சாய்ந்திருந்த ஏசம்மாள் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். “உங்க புரோகிராமும் பெட்டிக்குள்ளதான் இருந்துச்சா? அதுவும் விழுந்துட்டா?”

அந்தப் புரோகிராம் அவர் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது. பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில், பள்ளிக்கூட அட்டவணை போடுகிற மாதிரியே கோடு கிழித்து எழுதியிருந்தார். தென்காசிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அவர். வயிற்றுக்கட்டி வந்து நாலு மாதமாக ஏசம்மாளுக்குக் கஞ்சித் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்கவில்லை. நாளை மறுநாள் மதுரையில் ஆபரேஷன். அறுத்துப் பார்த்தால்தான் தெரியும், பிழைத்தால் ஆண்டவன் கிருபை என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

அதனால்தான் இந்த ஒருநாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவள் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டதில்லை. கட்டில் போட்ட லாட்ஜ் அறையில் தூங்கினதில்லை. மிஷன் லேஸ் பின்னுகிறவள் அவள். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரில் கொடி கொடியாகச் செதுக்கியிருக்கிறார்கள், அதைப் பார்த்துவிட்டால் போதும், ஆயுசுக்கும் பின்னப் புது மாதிரி கிடைத்துவிடும் என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆகவே, ராஜபாளையத்தில் கறிச்சாப்பாடு, பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர், மூன்று மணிக்குத் தேர், நாலு மணிக்குக் காபி, பால்கோவா, இரவு மாடி அறை, காலையில் ரயில் என்று எழுதியிருந்தார்.

கஞ்சி குடிக்கிறவளுக்குக் கறிச்சோறா என்று அவள் முந்தாநாள் கேட்டதற்கு, மணத்தையாவது பிடித்துக்கொள் என்றார். அதற்கும் அவள் சிரித்தாள். இப்போதெல்லாம் அவள் சிரிப்பதே அவருக்காகத்தான் என்று அவருக்குத் தெரியும்.

சாப்பாட்டுக்கு அவர் முன்கூட்டியே தபால் கார்டு போட்டிருந்த தங்கச்சாமி விடுதி, ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரம். அந்தத் தூரத்துக்கே அவள் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள்.

விடுதியில் ஆளில்லை. வாசல் கதவு திறந்திருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. இரண்டு தரம் குரல் கொடுத்தார். பதில் இல்லை. ஆனால் உள்ளேயிருந்து மணம் வந்தது. ஆட்டுக்கறிக் குழம்பு, நெய், சுட்ட அப்பளம். மணத்தைப் பிடித்துக்கொண்டே போனார்கள். கடைசி அறையின் கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் இல்லை.

தள்ளினார்.

ஒரு தலைவாழை இலை. சோறு, குழம்பு, முட்டை, பொரியல், பாயசம். ஆவி இன்னும் பறந்துகொண்டிருந்தது. இலைக்கு முன்னால் ஒரு விளக்கு. பக்கத்தில் மடிப்புக் கலையாத புதுச்சேலை.

வேறு எவராக இருந்தாலும் அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பின்வாங்கியிருப்பார்கள். சத்தியநேசன் மிஷன் காம்பவுண்டில் பிறந்து மிஷன் காம்பவுண்டில் வளர்ந்தவர். படையல் என்ற சொல் தெரியுமே தவிர, படைத்த இலையைக் கண்ணால் கண்டதில்லை. கார்டு கிடைத்திருக்கிறது, எடுத்து வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தார். அறை இருட்டு, அதனால் விளக்கு. சேலையை யாரோ மறந்து வைத்துவிட்டார்கள். அதை எடுத்து ஜன்னலில் வைத்தார்.

அவர் மட்டும் சாப்பிடுவது, அவள் பார்த்துக்கொண்டிருப்பது என்று ஏற்பாடு. இருவரும் உட்கார்ந்தார்கள். அவர் கண்ணை மூடினார்.

அவருடைய தகப்பனார் உபதேசியார். பஞ்ச காலத்தில் ஊர் ஊராய் நடந்தவர். அவர் தன் வீட்டுக்கென்று ஒரு சாப்பாட்டு ஜெபம் உண்டாக்கி வைத்திருந்தார். மூன்று வேளையும் அதைச் சொல்லாமல் அந்தக் குடும்பத்தில் யாரும் கை வைத்ததில்லை. சத்தியநேசன் களைத்த குரலில், ஆனால் தெளிவாகச் சொன்னார்:

“ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். பசித்தவர் யாரோ, அவர் வந்து எங்களோடு உட்காரட்டும். ஆமென்.”

விளக்கு அசைந்தது.

காற்று இல்லை.

நெடுந்தூரம் நடந்து வந்த ஒருவர் அப்பாடா என்று தரையில் உட்காருவது போல், அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு மூச்சு இறங்கியது. மஞ்சளும் அடுப்புப் புகையும் கலந்த வாசனை வந்தது. சமையலறையிலேயே வாழ்ந்த பெண்ணின் சேலையில் வருகிற வாசனை.

சத்தியநேசன் கண்ணைத் திறந்தபோது ஏசம்மாளின் கை இலையில் இருந்தது.

வேண்டாம், வலிக்கும் என்று பதறிக் கையைப் பிடித்தார். அவள் உதறினாள். நாலு மாதமாகத் தம்ளரைத் தூக்க முடியாத கை அது. சோற்றைக் குழம்பில் பிசைந்து, மூன்று உருண்டையாக உருட்டி இலை ஓரத்தில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றாக வாயில் போட்டாள். மறுபடி பிசைந்தாள். மறுபடி மூன்று உருண்டை. முகத்தில் ஒரு சுளிப்பில்லை.

ஜெபம் கேட்கப்பட்டது என்றே அவர் நினைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று முணுமுணுத்தார்.

வாசலில் நிழல் விழுந்தது. தோளில் துண்டோடு ஒரு ஐம்பது வயது மனிதர். இலையைப் பார்த்தார். ஏசம்மாளைப் பார்த்தார். இலை ஓரத்து மூன்று உருண்டைகளைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அவர்தான் தங்கச்சாமி. சத்தியநேசன் எழுந்து, கார்டு போட்ட விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். தங்கச்சாமி அதைக் காதிலேயே வாங்கவில்லை.

“எலை கெடக்கட்டும், வாத்தியாரய்யா. நீங்க வாய் தொறந்து கூப்பிட்டீயளா?”

சத்தியநேசன் ஜெபத்தைச் சொல்லிக் காட்டினார். தங்கச்சாமி அப்படியே தரையில் குந்திவிட்டார்.

பிறகு அவரை வெளியே கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் விவரம் சொன்னார். அவருடைய சம்சாரம் பாலம்மாள் ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டவள். சோற்றை மும்மூன்று உருண்டையாக இலை ஓரத்தில் வைத்துச் சாப்பிடுவது அவள் பழக்கம். வயிற்றில் ஏதோ வந்து, கடைசி நாற்பது நாள் ஒரு பருக்கை இறங்காமல் செத்தாள். இன்று அவளுக்குத் திதி. அவர்கள் வீட்டு வழக்கம், இலை போட்டுவிட்டுக் கதவைச் சாத்தி எல்லாரும் வெளியே போய்விட வேண்டும். வா என்று ஒருவரும் வாயால் சொல்லக்கூடாது. சொல்லாதவரை அவள் மணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். சொல்லிவிட்டால் விருந்தாளி. விருந்தாளியை அனுப்பி வைக்காமல் அவள் எப்படிப் போவாள்?

“கூப்பிட்ட வாய்தான் அனுப்பணும்யா. இன்னைக்கு வெளக்கு வைக்கிறதுக்குள்ள ஒரு வெறும் எலையப் போட்டு, தண்ணி தெளிச்சு, ‘போ’ன்னு சொல்லுங்க. போயிட்டு வான்னு மட்டும் சொல்லிறாதீய.”

சத்தியநேசன் கோபப்பட முயன்றார். இது பிசாசு நம்பிக்கை என்று சொல்லப் பார்த்தார். களைப்பில் கோபம் கூட வரவில்லை. உள்ளே ஏசம்மாள் இலையை வழித்துக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. தங்கச்சாமி அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. சாப்பாட்டுக்கு ஒன்றும் வாங்கிக்கொள்ளவும் இல்லை. சீக்கிரம் பஸ் ஏறுங்கள் என்றார்.

ஸ்டேஷனிலிருந்து மூன்று இடத்தில் உட்கார்ந்து வந்தவள், பஸ்ஸுக்கு அவருக்கு முன்னால் நடந்தாள். ஏறி உட்கார்ந்தார்கள். கண்டக்டர் கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றான். யாரோ ஏறி முடிக்கட்டும் என்று காத்திருப்பவன் போல நின்றான். பிறகு விசில் கொடுத்தான்.

படியில் யாரும் ஏறவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடியில் இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. தேர் ஒரு மரமலை மாதிரி நின்றது. யானையும் யாளியும், நடுவே கொடிக்குள் கொடி, இலைக்குள் இலை. சத்தியநேசனுக்கே மூச்சு நின்றது. பத்து வருஷ ஆசையாயிற்றே என்று அவள் முகத்தைப் பார்த்தார்.

அவள் கொட்டாவி விட்டாள்.

“எம்புட்டு மரம்! அடுப்புக்குப் போட்டா ஒரு வருசத்துக்குக் காணும்,” என்றாள். பிறகு மூக்கை உயர்த்தி, எதிரே இருந்த காபி ஹோட்டலைப் பார்த்தாள்.

முதுகுத்தண்டில் ஈரத்துணி போட்டது போல் இருந்தது அவருக்கு.

காபி ஹோட்டலில் பரிமாறுகிறவர் பால்கோவா மூன்று பொட்டலம், காபி மூன்று தம்ளர் கொண்டுவந்து வைத்தார். இரண்டு பேர்தானே என்றார் சத்தியநேசன். பரிமாறுகிறவர் அவர்களுக்கு நடுவிலிருந்த காலி இடத்தைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், எதையும் திருப்பி எடுக்காமல் வேகமாக உள்ளே போய்விட்டார். மூன்றையும் ஏசம்மாளே தின்றாள். சத்தியநேசன் ஜெபம் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து அன்றுதான் முதல் தடவை.

திரும்பி வரும்போது தேரின் நிழலில் அவள் கால் தடுமாறியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்து வியர்த்தது. அந்த வெளுத்த முகத்தோடு மெல்லக் கையை நீட்டி, ஒரு மரக்கொடியை விரலால் தடவினாள். வளைவு வளைவாகத் தடவிக்கொண்டே போனாள்.

“பாத்தீயளா... ஒரே இழையில பின்னீறலாம்,” என்றாள், ஏசம்மாள்.

அவளேதான். “ஏசம்மா!” என்று அவர் தோளைப் பிடித்தார். வலி அவளை இரண்டாக மடித்தது. அவள் அலறவில்லை, அலறுகிற தெம்பும் அவளிடம் இல்லை. அவர் கையைப் பற்றிக்கொண்டு நாலைந்து மூச்சு விட்டாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

கண்ணில் மறுபடி அந்தப் பசி.

லாட்ஜ் மாடியில் கட்டில் போட்டிருந்தது, அவர் எழுதி வைத்தபடியே. ஜன்னலில் கோபுரம் தெரிந்தது. அவள் எதையும் பார்க்கவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எப்போது சாப்பாடு என்று இரண்டு தரம் கேட்டாள். தெருவில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது.

சத்தியநேசன் கீழே போய் ஒரு வெறும் இலையும் செம்பு நிறையத் தண்ணீரும் வாங்கி வந்தார். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். மேலே இருக்கிறவளை அனுப்பினால், நாலு மாதமாகத் துடித்தவள் திரும்பி வருவாள். அனுப்பாவிட்டால், நன்றாகத் தின்று, நன்றாக நடக்கிற ஒருத்தி நாளைக்கு அவரோடு ரயில் ஏறுவாள். அவளுக்குத் தேரும் விறகும் ஒன்று. அவருக்கு ஏசம்மாள் வேண்டும். வலியோடு என்றாலும், இரண்டே நாளைக்கு என்றாலும், அவள்தான் வேண்டும்.

எழுந்து போனார்.

இலையை விரித்தார். தண்ணீர் தெளித்தார்.

அவள் இலையைப் பார்த்தாள். வெறும் இலை என்று கண்டதும் அவள் தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. நாற்பது நாள் பட்டினி கிடந்த முனகல். ஜன்னல் கதவு மெல்ல அசைந்து நின்றது. மஞ்சள் வாசனையும் புகை வாசனையும் அறையை நிறைத்தன.

வீடு தேடி வந்த பிச்சைக்காரனைக்கூட அவர் அந்தச் சொல்லால் அனுப்பினதில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.

ஒரு கை அவர் வாயைப் பொத்தியது.

சில்லென்று இருக்கும் என்று நினைத்தார். இல்லை. கதகதவென்று இருந்தது. விரல் நுனிகளில் லேஸ் ஊசி குத்திக் குத்திக் காய்த்த தழும்புகள். பதினாலு வருஷமாக அவருக்குத் தெரிந்த கை. கண்ணைத் திறந்தார். எதிரே இருந்தவை ஏசம்மாளின் கண்கள்தான்; களைத்து, நிறைந்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

தெருவில் யாரோ முதல் விளக்கை ஏற்றினார்கள்.

அவள் அவர் காதருகே குனிந்து, பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல், மெல்லச் சொன்னாள்:

“அவளைப் போகச் சொல்லாதீய... அவ திங்கும்போது எனக்கு வலிக்கல.”