கழுகுப்பாறைக்கு அப்பால்

விளக்குப் பொருத்தாத இடத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

நோர்மன் முதலில் அதைப் பெரிதுபடுத்தவில்லை. சாப்பாட்டு மேசை முழுவதையும் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மலை ரெஜிபோமால் ஆனது. புதுத் தொலைக்காட்சி வாங்கினால் பெட்டிக்குள் அடைத்து வருமே, அந்த வெள்ளை நுரைப் பலகை. அது ஒளியை மறிப்பதில்லை, தனக்குள் வாங்கிப் பரத்தும். ஓரிடத்தில் சின்ன பல்ப் எரிந்தால் அதன் அயலிலும் ஒரு மங்கல் படரும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்து, பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த பல்ப்பின் பொத்தானை மறுபடி அழுத்தினார். பல்ப் அணைந்தது. வெளிச்சம் அணையவில்லை.

வெளியே முற்பகல் வெயில் மருதனார்மடச் சந்தியைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. சந்தைக்கு வந்த லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்களின் இரைச்சலும் பஸ் ஹோர்ன்களும் மதிலைத் தாண்டி வந்தன. வீட்டுக்குள் மட்டும் இருட்டு. விளக்குகளைச் சோதிக்க இருட்டு வேண்டும் என்பதால் யன்னல்களுக்கெல்லாம் போர்வை கட்டி, கதவையும் சாத்தியிருந்தார். மின்விசிறியைப் போட்டால் நுரைத்தூள் பறக்கும், அதையும் நிறுத்தியிருந்தார். பசை மணமும் புழுக்கமும் மேசையைச் சுற்றிக் கட்டிநின்றன.

மலைநாட்டுத் தேசியப் பூங்கா ஒன்றின் பார்வையாளர் நிலையத்தில் வைப்பதற்கான மாதிரி அது. நுழைவுச்சீட்டு எடுத்து வருகிறவர்கள் முதலில் இதன் முன் நிற்பார்கள். நீர்வீழ்ச்சி என்று எழுதிய பொத்தானை அழுத்தினால் நீர்வீழ்ச்சி இருக்கும் இடத்தில் விளக்கு எரியும். புல்வெளி என்றால் புல்வெளியில். பாதை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கால் வைக்கும் முன்பே கண் பழகிவிடும். வேலையைப் பிடித்துக் கொடுத்த சுபாஸ்கரன் யாழ்ப்பாணத்தில் விளம்பரப் பலகை செய்பவன். "அண்ணை, நீங்கள் கண்ட ஒரே மலை கீரிமலை. அதிலையும் மலை இல்லை. பாத்துச் செய்யுங்கோ" என்று சிரித்துக்கொண்டுதான் வரைபடத்தைத் தந்திருந்தான். பின்னேரம் அவனுடைய லொறி வரும்.

மலையை மேசைக்குக் கொண்டுவருவது விளங்கிவிட்டால் இலகு. ஒரே உயரத்தில் உள்ள இடங்களையெல்லாம் இணைத்து வரைபடத்தில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். ஒவ்வொரு கோட்டின் வடிவத்திலும் ஒரு தகடு வெட்டி, பெரியது கீழே சிறியது மேலே என்று ஒட்டிக்கொண்டு போனால் மலை தானாக எழும்பும். கோடுகள் விலகியிருந்தால் சரிவு. நெருங்கியிருந்தால் செங்குத்து. நோர்மன் அதை ரசித்து ரசித்துச் செய்தார். பிழை ஒன்றைத் தவிர.

பிழையைக் காட்டித் தந்தவர் அவர் மனைவி சீலா. சபை மாதர் சங்கத்தோடு முதல் நாள் பின்னேரமே வாடகை வானில் புறப்பட்டு, அதே பூங்காவுக்குத்தான் போயிருந்தார். காலையில் பார்வையாளர் நிலையத்திலிருந்து போன் எடுத்தார்.

"என்னப்பா, சாப்பிட்டீங்களோ?"

"ஓம். குளிரே?"

"பல்லுக் கிட்டுது. வாசல்லை எங்கடை பையெல்லாம் கிண்டிப் பொலித்தீன் முழுக்கப் பறிச்சிட்டாங்கள். சாப்பிடக் கொண்டந்த றோல்சைப் பேப்பரிலை சுத்தித் தந்திருக்கிறாங்கள். தண்ணிப் போத்தில் லேபிளைக் கிழிச்சதுக்கு ரஞ்சினி அக்கா ஒரு பிரசங்கமே வைச்சிட்டா."

"படம் எடுக்கத் தொடங்கியிட்டாவோ?"

"அது வான் ஏறேக்கையே தொடங்கியிட்டுது. இன்னும் கொஞ்சம் பின்னுக்கு, இன்னும் கொஞ்சம் பின்னுக்கு எண்டு." சீலா சிரித்தார். ரஞ்சினி அக்காவின் படத்தில் எல்லோரும் ஒருபோதும் அடங்குவதில்லை. போன அறுவடைத் திருநாளில் அவர் சொல்லைக் கேட்டுப் பின்னால் நகர்ந்த பாடகர் குழு பூச்சாடிகளை உழக்கியிருந்தது.

"கால் நோகுதெண்டால் பாதியிலை இரும், சீலா." சைக்கிளால் விழுந்து முறிந்த வலது கணுக்கால். இன்னும் ஒரு அடி பதித்து, ஒரு அடி இழுத்துத்தான் நடப்பார்.

"பாப்பம். இஞ்சேருங்கோ, இஞ்சை சுவரிலை பெரிய படம் ஒண்டு கிடக்கு. கழுகுப்பாறையோடை பாதை முடியுதாம். அங்காலை நிலமே இல்லை, ஒரே பாதாளக் கிடங்கு. உங்கடை மலையிலை நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டு கிடக்கே, அதென்ன?"

"வரைபடத்திலை இருக்கு."

"அப்ப மலைதான் பிழை விட்டிட்டுது போலை."

அவர் போனை வைத்ததும் நோர்மன் வரைபடத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிரதியின் பிரதி. எண்கள் அழிந்த இடத்தில் கோடு மேட்டைச் சொல்கிறதா பள்ளத்தைச் சொல்கிறதா என்று கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. மேட்டைச் சுற்றியும் பள்ளத்தைச் சுற்றியும் கோடு ஒரே மாதிரித்தான் வளையும். கிணற்றைத் தவிர வேறு பள்ளம் காணாத தரையில் வளர்ந்தவர், மலை என்றால் மேடுதானே என்று எடுத்துக்கொண்டார். அதன்மேல் ஓடிய புள்ளிக்கோடு பூங்காவின் எல்லை. எல்லைக்குப் பள்ளம் தெரியாது, அந்தரத்திலும் போகும். அதையே நடைபாதை என்று எண்ணி மண்ணிறம் பூசியிருந்தார். முனையில் ஒரு விளக்கும் வைத்து, பொத்தானுக்குப் பெயர் வேண்டுமே என்று 'கடைசி முனை' எனத் தானே பெயரும் எழுதியிருந்தார்.

பிளேட்டை எடுத்து அந்த நாக்கைப் பாறையோடு சேரும் இடத்தில் கீழிருந்து வெட்டினார். பாதி வெட்டியபின்தான் உள்ளே ஓடும் வயர் நினைவுக்கு வந்தது. எந்த வயர் எந்த விளக்குக்கு என்று பார்த்துவிட்டு மீதியை வெட்டலாம் என்றுதான் போர்வைகளைக் கட்டினார்.

அப்போதுதான் அந்த வெளிச்சம்.

அது பார்வையாளர் நிலையத்துக்குச் சற்று மேலே, பாதையில் இருந்தது. குண்டூசித் தலையளவு. யன்னல் போர்வையில் எங்கோ ஓட்டை இருக்கவேண்டும். அதனூடாக வரும் வெயில் இப்படிப் புள்ளியாக விழும். கையைக் குறுக்கே பிடித்துப் பார்த்தார். கையின்மேல் ஒன்றும் விழவில்லை. வெளிச்சம் கைக்குக் கீழே, மலையில், அப்படியே இருந்தது. கையை எடுத்தபோது முன்பு இருந்த இடத்தில் இல்லை. வளைவைக் கடந்திருந்தது.

வெயில் நகரும், அதனால் புள்ளியும் நகரும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். ஆனால் வெயில் நேராக நகரும். இது பாதையின் வளைவுக்கு வளைந்தது. ஏற்றத்தில் மெதுவானது. நீர்வீழ்ச்சிக்கு அருகே நின்றது, யாரோ இளைப்பாறுவதுபோல. பிறகு மறுபடி.

குனிந்தார். முகத்தில் குளிர் அடித்தது. பசை மணத்துக்கு அடியிலிருந்து நனைந்த புல்லின் மணம் வந்தது. பள்ளத்தாக்குகளில் வெண்மையாக ஏதோ தேங்கி நின்றது. ஈரக்காற்று குளிர்ந்தால் பனிமூட்டமாக, புகாராகத் திரளும், பாரமானபடியால் பள்ளத்தில் தங்கும். அது எப்படி என்று அவருக்குத் தெரியும். இந்தப் புழுக்கத்தில், இந்த மேசையில் எப்படி என்று தெரியவில்லை. காதை வைத்தபோது மிகத் தொலைவில் பெண்கள் பாடுவது கேட்டது. ஞாயிறு தோறும் கேட்கும் குரல்கள். இராகத்தைச் சற்று இழுத்துப் பாடுவது ரஞ்சினி அக்கா.

சீலாவின் எண்ணை அழுத்தினார். தொடர்புகொள்ள முடியாது என்றது. மறுபடி. மறுபடி.

வெளிச்சம் கழுகுப்பாறையில் நின்றது. அவரும் மூச்சை நிறுத்தினார். அவ்வளவுதான், பாதை முடிந்துவிட்டது, இனித் திரும்புவார்கள்.

வெளிச்சம் பாறையைக் கடந்து நாக்கின்மேல் ஏறியது.

போன் அடித்தது.

"என்னப்பா, நீங்கள் சரி." காற்று இரைந்தது. சீலாவின் குரலில் மகிழ்ச்சி. "அந்தச் சுவர்ப்படம்தான் பிழை. பாதை அங்காலையும் போகுது. நல்ல மட்டமான நிலம், வெள்ளை வெளேரெண்டு. கால் வைக்க மெத்தை மாதிரிக் கிடக்கு. நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், இது என்ரை மனிசன் கண்டுபிடிச்ச பாதையெண்டு."

"சீலா, நில்லும். திரும்பி வாரும். வந்த வழியாலை."

"பின்னாலை ஒண்டும் தெரியேல்லையப்பா, ஒரே புகார். முன்னாலைதான் ஒரு லைற் தெரியுது. அதிலை போய் நிண்டு ஒரு படம்..."

"சீலா."

அறுந்துவிட்டது.

முன்னால் ஒரு லைற். நோர்மன் பொத்தான்களைப் பார்த்தார். கடைசி முனை எரிந்துகொண்டிருந்தது. வயர் பார்க்க அவர்தான் போட்டிருந்தார்.

அணைத்தார். நாக்கின் நடுவில் வெளிச்சம் தயங்கியது. கழுகுப்பாறைப் பொத்தானை அழுத்தினார். பாறையில் சிவப்பு விளக்கு எரிந்தது. இஞ்சாலை பாரும், சீலா. இஞ்சாலை. அணைத்து, எரித்து, அணைத்து, எரித்து. வெளிச்சம் மெல்லத் திரும்பியது. பாறையை நோக்கி வந்தது. அவருக்கு அழுகை வந்தது. இன்னும் ஒரு விரலளவு. வாரும், வாரும்.

தெருவில் எங்கோ ஒரு கிறைண்டர் நின்றது. குளிர்சாதனப் பெட்டியின் முனகல் அடங்கியது. சிவப்பு விளக்கு செத்தது.

கரண்ட் போய்விட்டது.

பொத்தானை அழுத்தினார். அழுத்தினார். மலை முழுக்க இருட்டு. அந்தச் சின்ன வெளிச்சம் மட்டும். அது ஒரு கணம் நின்று, பிறகு முன்பு போய்க்கொண்டிருந்த முனைப் பக்கமே திரும்பிப் போனது.

அப்போது சத்தம் கேட்டது. நுரைப் பலகை இழுபடும் கிறீச். அவர் பாதி வெட்டிய இடம் வாயைத் திறந்துகொண்டிருந்தது. நாக்கு தாழ்ந்தது.

இரண்டு கைகளையும் அதன் கீழே கொடுத்தார். தாங்கினார்.

நுரைப் பலகைக்குப் பாரமே இருக்காது. குழந்தை தூக்கும். இது கனத்தது. மேசைக்கு மேலாகக் குனிந்து, கைகளை நீட்டி, நாரியும் முதுகும் வலிக்க நின்றார். பசைப் போத்தல் அலுமாரியில். ஒரு கையை எடுத்தால் எட்டலாம். ஒரு கையை இலேசாகத் தளர்த்தினார். கிறீச். எடுக்கவில்லை.

மீதியை வெட்டவும் முடியாது. ஒட்டவும் முடியாது. பிடித்துக்கொண்டு நிற்கலாம். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

உள்ளங்கையில் ஏதோ ஊர்ந்தது. எறும்பு என்று நினைத்தார். எறும்புகள் தாளத்தோடு நடப்பதில்லை. பலகையின் மறுபக்கம் மிகச் சின்னச் சின்ன அழுத்தங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, மணிக்கட்டிலிருந்து விரல்களை நோக்கி. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒன்று. பதித்து ஒரு அடி. இழுத்து ஒரு அடி. பதித்து. இழுத்து.

"சீலா," என்றார். மூச்சுப் பட்டுப் புகார் அசைந்தது. வாயை இறுக மூடிக்கொண்டார்.

கேற் கொளுக்கி தட்டப்பட்டது. "நோர்மன் அண்ணை," சுபாஸ்கரனின் குரல். "லொறி வெள்ளெனவே கிடைச்சிட்டுது. பெடியளும் நிக்கிறாங்கள். தூக்குவமே?"

கைகள் நடுங்கத் தொடங்கின. நடுங்கக் கூடாது. மேலே நிற்பவர்களுக்குத் தெரியும். பல்லைக் கடித்தார்.

"அண்ணை, உள்ளுக்கை நிக்கிறியளோ?"

கேற் திறந்தது. முற்றத்துக் கல்லில் செருப்புச் சத்தங்கள்.

உள்ளங்கையில் அடிகள் நின்றன. விரல்கள் தொடங்கும் இடத்தில், ஒரு வரிசையாக. தோளோடு தோள் முட்டி நெருங்குவது தெரிந்தது. நடுவில் சீலா, ஒரு கால் அழுந்தி, ஒரு கால் இலேசாக. அவர்களுக்கு எதிரே, உள்ளங்கையின் குழியில், தனியாக ஒருத்தி. கூட்டத்தைப் பார்த்தபடி. ஒரு கால் மாற்றி நின்றாள். இன்னொரு கால் மாற்றினாள். எல்லோரும் படத்துக்குள் அடங்கவில்லை.

நோர்மனின் விரல்களுக்கு அப்பால் எதுவுமில்லை.

முன்கதவின் பிடி திரும்பியது.

வரிசை முழுவதும், ஒன்றாக, குதிகால் வைத்து, ஒரு அடி பின்னுக்கு நகர்ந்தது. விரல்களின் நடுக்கணுவுக்கு.

பிறகு இன்னும் கொஞ்சம்.