டேப்பில் ஒன்றும் வரவில்லை

ஞானதிரவியத்தின் காலில் டாக்டர் ஒட்டிய பதினோராவது பிளாஸ்திரியும் வழுக்கித் தரையில் விழுந்தது. தரையிலும் அது ஒட்டவில்லை. தூத்துக்குடியில் எந்தத் தரையிலும் எதுவும் ஒட்டி ஒன்பது வருஷமாகிறது.

எல்லாம் ஒட்டாப்படலத்தின் புண்ணியம். ஒரே ஒரு மூலக்கூறுதான் அதன் தடிமன். அடிப்பக்கம் பூசிய பரப்பைக் கவ்விக்கொள்ளும், மேல்பக்கம் எதையும் அண்டவிடாது. கப்பலின் அடியில் பாசி பிடிப்பதில்லை, சட்டியில் குழம்பு ஒட்டுவதில்லை, ஆஸ்பத்திரிச் சுவரில் கிருமி தங்குவதில்லை. விளக்குமாறு என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குப் படம் காட்டித்தான் சொல்ல வேண்டும். ஊரே கை கழுவுவதை மறந்து நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதியில் எஸ்தருக்கும் பங்குண்டு. படலத் தொழிற்சாலையில், படலம் பூசிய தகடுகளைத் தரச் சோதனை செய்வது அவள் வேலை. இப்போது கணவன் ஞானதிரவியத்தின் கட்டிலருகே நின்றாள். துறைமுகத்தில் தகரம் கிழித்த சின்னக் காயம்தான். பன்னிரண்டு நாளாகியும் ரத்தம் உறையாமல் கசிந்தது. ஏற்றுகிற ரத்தமெல்லாம் அந்த வழியே வெளியேறியது.

டாக்டர் ஜமீலா அவளை வராந்தாவுக்கு அழைத்தார்.

"ரத்தம் உறையணும்னா அணுக்கள் காயத்தோட விளிம்புல போய் ஒட்டணும்மா. இவருக்கு ஒட்டவே மாட்டேங்குது. அந்தப் படலம் உடம்புல ஏறியிருக்குமோன்னு பயமா இருக்கு. தகட்டை விட்டு அது கழண்டு வருமா?"

எஸ்தருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கழலவே கழலாது டாக்டர். ஒவ்வொரு தகட்டுலயும் நானே டேப் ஒட்டி வெடுக்குனு உரிச்சுப் பாப்பேன். பிடிமானம் இல்லேன்னா படலம் டேப்போடயே வந்துரும். பெயிண்டுக்கெல்லாம் காலங்காலமா இதான் சோதனை. ஒன்பது வருஷத்துல ஒரு தடவைகூட டேப்புல ஒண்ணும் வரல."

"சரிம்மா. அந்தத் தகட்டுல டேப் எப்படி ஒட்டுச்சு?"

எஸ்தர் தன் விரல் நுனிகளைப் பார்த்தாள்.

டேப்பை வைத்து விரலால் அழுத்துவாள். உரிக்கும்போது சத்தமே இராது. படலம் அவ்வளவு உறுதி என்று பெருமையோடு 'பாஸ்' முத்திரை குத்துவாள். டேப் ஒட்டவே இல்லை என்று அவளுக்குத் தோன்றியதில்லை. மேலதிகாரிகள் ஒருவருக்கும் தோன்றியதில்லை. ஒட்டாத டேப் எதை உரிக்கும்? படலம் கெட்டியாகப் பிடித்திருந்தாலும், சும்மா மேலே கிடந்தாலும் டேப் சுத்தமாகத்தான் வந்திருக்கும். தகட்டிலிருந்து கைக்கு, கையிலிருந்து சோற்றுக்கு. ஊரிலுள்ள கைகளை எல்லாம் அவள் நினைத்துப் பார்த்தாள்.

"படலம் காலைச் சுத்தி மட்டும்தான்னா, படலம் பூசாத பழைய கட்டடத்துக்கு மாத்தி வைத்தியம் பாக்கலாம்," என்றார் டாக்டர். "உடம்பு முழுக்க இருந்தா என்கிட்ட வழி இல்லம்மா."

காலில் ஈரம், அதனால்தான் பிளாஸ்திரி நிற்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எஸ்தர் உள்ளே போனாள். பையிலிருந்து டேப் சுருளை எடுத்தாள். ஞானதிரவியத்துக்கு நெஞ்செல்லாம் அடர்ந்த முடி.

அவன் சோர்வாகச் சிரித்தான். "வீட்டுல சுவரு, சட்டி, பூனைன்னு டேப் ஒட்டிப் பாக்காம ஒண்ணையும் விடல. இப்ப என்னையுமா?"

"வலிக்கும், பொறுத்துக்கிடுங்க."

அவன் அலற வேண்டும், வாய்க்கு வந்தபடி தன்னைத் திட்ட வேண்டும் என்று அவள் மனம் கெஞ்சியது. டேப்பை உலர்ந்த நெஞ்சில் வைத்து, விரலால் மூன்று முறை அழுத்தித் தேய்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு வெடுக்கென்று இழுத்தாள்.

சத்தமே இல்லை. டேப்பில் ஒரு முடிகூட இல்லை.

"என்ன எஸ்தர், நான் பாஸா?" என்றான் ஞானதிரவியம்.

அவள் டேப்பை உள்ளங்கையில் கசக்கி மறைத்துக்கொண்டாள்.

"பாஸ்தாங்க," என்றாள்.