லூமிஸ் வீட்டிலிருந்து பாட்டு

மூன்றாவதாக ஒரு வீடு பாடியது.

பாட வேண்டியவை இரண்டு வீடுகள்தான். கோடை முடிந்து, ஆற்றோரக் கோடை வீடுகளில் தங்கியிருந்த மற்ற எல்லோரும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். புல்வெளியின் எதிர்ப்புறம் ஹார்லன் கிரீசி இருந்தார். இந்தப் பக்கம் வெர்னாவும், காய்ச்சலோடு மாடியில் படுத்திருந்த மகள் மின்னாவும். அந்தி மணி அடித்ததும் வீட்டுக்கு ஒரு வரியாகக் கீர்த்தனை பாடுவது, ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்கள் ஆற்றோரம் கூடாரம் அடித்துத் தங்கிய காலத்திலிருந்தே இருக்கிற வழக்கம். கடைசி வீடு பாடி முடித்ததும் யார் 'ஆமென்' சொல்கிறார்களோ, அவர்கள் வீட்டில் கடைசியாகப் பாடிய குடும்பத்துக்கு இரவு விருந்து.

பழக்கத்தில் வெர்னாவின் வாய் சொல்லிவிட்டது.

"ஆமென்."

"மின்னாவா பாடுனது?" ஹார்லன் காரில் பெட்டியைத் திணித்தபடி கத்தினார். "காய்ச்சல் விட்டுடுச்சு போல! தொண்டை உன்னை மாதிரி இல்லம்மா, தப்பிச்சா!"

"அங்கிள், கொஞ்சம் இருங்க..."

கார் கிளம்பிவிட்டது. அதன் சத்தம் மேட்டைத் தாண்டி மறையும்வரை அவள், பாட்டு வந்த பக்கத்து வீட்டையே பார்த்தாள். வசந்தகால வெள்ளத்தில் லூமிஸ் குடும்பம் படகோடு மூழ்கிப் போனதிலிருந்து, அந்த வீட்டுச் சன்னல்களில் பலகை அறைந்திருந்தது. நான்தான் தவறாகக் கேட்டேனோ? காற்றாக இருக்கலாம். மிசிசிப்பியில் போகும் சரக்குப் படகில் யாராவது பாடியிருக்கலாம். அப்படியே நினைத்துக்கொள்ள முயன்றபோது, அந்த வீட்டு வராந்தாப் பலகை முனகியது. பிறகு புல் சளக் சளக்கென்று மிதிபட்டது. அழுகிய நாணலும் சேறும் கலந்த வாடை அவள் முகத்தில் வந்து மோதியது.

அவள் வாசற்படியில் ஈரம். ஒரு சுவடு. பக்கத்தில் சின்னதாய் இன்னொன்று.

அவை அவளைக் கடந்து உள்ளே போயின.

மாடிப்படி கிறீச்சிட்டது.

"அம்மா!" மின்னாவின் குரல். "இவங்களைத் தள்ளி உக்காரச் சொல்லேன். என் கால் மேல உக்காந்திருக்காங்க."

வெர்னா ஓடினாள். அறையில் மின்னாவைத் தவிர யாரும் இல்லை. ஆனால் அவளுக்கு இருபுறமும் மெத்தை அமுங்கியிருந்தது. அமுங்கிய இடங்களில் பழுப்புத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அங்கிருந்து, மெல்ல, எல்லாக் குரல்களும் சேர்ந்து அந்த வரியை மறுபடி பாடின.

பாட்டு நின்றது.

"நம்மகிட்ட சாப்பாடே இல்லையேம்மா," என்றாள் மின்னா. "அவங்க வீட்டுக்கு வரச் சொல்றாங்க. வர்றோம்னு நான் ஆமென் சொல்லட்டா?"

"சொல்லாதே!"

பாய்ந்து மகளின் வாயைப் பொத்தினாள். உள்ளங்கைக்குள் உதடுகள் அசைந்தன.

விரலிடுக்கில் ஆற்றுத் தண்ணீர் வழிந்தது.