பிணத்துக்குப் பின்னால் ஒருவர்!

“ஆஆஆ...!”

கல்லூரியின் மாடி வராந்தாவைக் கிழித்துக்கொண்டு போனது அந்த அலறல்.

படிக்கட்டின் அடியில் ஒரு பிணம். வெள்ளி நிற உடை. வாயோரம் ரத்தம்... நீல நிறத்தில்!

பிணம் தும்மியது.

“கட்! கட்!” ஜெத்ரோ தலையில் அடித்துக்கொண்டான். “வில்ஃப்! செத்தவன் தும்முவானாடா?”

“நீ ஊத்தின கலர் மூக்குக்குள்ள போயிருச்சுடா. செத்தவனுக்கும் மூக்கு இருக்கும்ல?”

“இது கி.பி. 2189. அப்போ ஜலதோஷமே கிடையாது!”

“அப்போ ஹேர் டிரையர் மட்டும் இருக்குமா? உன் டைம் மெஷின்ல ஸ்விட்ச் தெரியுதுடா.”

இங்கிலாந்தின் துறைமுக ஊரான கிரிம்ஸ்பி. மே மாதத்துச் சனிக்கிழமை. காலை பதினொன்று. ஜன்னலுக்கு வெளியே கடல் காகங்கள் யாருடைய சிப்ஸையோ பிடுங்கிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

ஊடகப் பாடத்துக்கு மூன்று மாணவர்கள் சேர்ந்து ஓர் அறிவியல் த்ரில்லர் எடுக்கிறார்கள். முழுப் படம் இல்லை. ஆரம்பம் மட்டும். இரண்டே நிமிடம். அதற்குத் திட்டம் மூன்று மாதம். அதில் கம்பெனி லோகோவுக்கு மட்டும் ஐந்து வாரம்!

ஜெத்ரோ பாஸ்க், இயக்குநர். பதினெட்டு வயது. அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி.

டாம்சின் ஹவ்... கேமரா, ஒலி, எடிட்டிங், சாண்ட்விச். சற்றுமுன் கேட்ட அலறலும் அவளுடையதுதான்.

வில்ஃப் ஸ்டாமர், விஞ்ஞானி. காலத்தில் பின்னோக்கிப் பயணம் செய்து தன் பிணத்தையே பார்க்கிறவன். பிணமும் அவனே. உடை, அவன் அப்பாவின் கார் கண்ணாடிக்கான வெயில் மறைப்பு.

“இன்னொரு டேக்!” என்றான் ஜெத்ரோ.

“பதினாலு ஆச்சு,” என்றாள் டாம்சின். “பேட்டரி செத்துக்கிட்டிருக்கு. பிணத்தைவிட அது நல்லா நடிக்குது.”

திங்கட்கிழமை காலை, வேறு ஓர் அலறல் கேட்டது. இது நடிப்பில்லை.

“நான் எடுக்கல மேடம்! சத்தியமா நான் எடுக்கல!”

துணை முதல்வர் லோர்னா க்ராக்கின் அறைக்குள்ளிருந்து வில்ஃபின் குரல்!

புதன்கிழமை நடக்கவேண்டிய வேதியியல் தேர்வு. அதன் கேள்வித்தாள் ஞாயிறு மாலையே ஊரில் பாதி மாணவர்களின் போனில் உலா வந்திருந்தது. கேள்வித்தாள் பூட்டிக் கிடந்த அறை, படப்பிடிப்பு நடந்த அதே மாடியில். சனிக்கிழமை வாசல் பதிவேட்டில் மூன்றே பெயர்கள். மூவரில் வேதியியல் எழுதுகிறவன் வில்ஃப் மட்டும்.

வெளியே டாம்சினும் ஜெத்ரோவும் காத்திருந்தார்கள். வில்ஃப் வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. நீலம்கூட இல்லை.

“நாளைக்கு விசாரணையாம். குற்றம்னு சொல்லிட்டா எல்லாத் தேர்வும் ரத்து. லீட்ஸ்ல மருத்துவப் படிப்பு இடம் போயிரும்.”

“நீதான் எடுக்கலியே!”

“அதை யார் நம்புவா டாம்சின்? அப்பாகிட்ட என்ன சொல்லுவேன்? மீன் மார்க்கெட் முழுக்க ‘என் மகன் டாக்டர்’னு இப்பவே சொல்லிட்டுத் திரியறாரு...”

அவன் குரல் உடைந்தது. தொட்டிலில்கூட அழாத பையன், வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதான்.

டாம்சின் ஜெத்ரோவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வா.”

“எங்கே?”

“எடிட்டிங் ரூம். அந்த மாடியில ரெண்டு மணி நேரம் கேமரா ஓடியிருக்கு. யாராவது வந்திருந்தா அதுல தெரியும்.”

மெமரி கார்டைச் சொருகினாள். முதல் டேக். பிணம் சிரித்தது. ஐந்தாவது டேக். பிணம் மூக்கைச் சொறிந்தது. ஒன்பதாவது டேக்...

“நிறுத்து!” என்றாள் தனக்குத்தானே.

பிணம் மங்கலாக இருந்தது. ஃபோகஸ் தப்பி, பின்னாலிருந்த கண்ணாடிக் கதவு பளிச்சென்று தெரிந்தது. கதவுக்கு அப்பால் ஓர் ஆள். பூட்டைத் திறக்கிறார். உள்ளே போகிறார். உறையைப் பிரித்து, போனில் படமெடுக்கிறார்... திரும்புகிறார்!

டாம்சின் படத்தை நிறுத்திப் பெரிதாக்கினாள்.

ஆக்டன் சார்!

அவர்களுடைய ஊடகப் பாட ஆசிரியர். மாணவர்களுக்கு மிகவும் பிடித்தவர். சனிக்கிழமை படம்பிடிக்க அனுமதி வாங்கிக் கொடுத்தவரும் அவரே!

“நமக்காகவா வாங்கிக் கொடுத்தாரு?” டாம்சின் முணுமுணுத்தாள். “கட்டடம் திறந்திருக்கணும். மாட்டிக்க வேற ஆள் இருக்கணும். அதுக்கு நாம!”

“அப்படி இல்ல டாம்சின்.”

இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். வாசலில் ஆக்டன். கையில் தேநீர்க் கோப்பை.

“உங்களை மாட்டிவிடணும்னு நினைக்கவே இல்ல. யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். பிரையனி... என் பொண்ணு... ரெண்டு தடவை ஃபெயில். மூணாவது தடவையும் போச்சுன்னா உடைஞ்சு போயிருவா. அவ மட்டும் பார்த்துக்கட்டும்னுதான்...”

“ஊருக்கே எப்படி சார் போச்சு?”

“அவ முப்பத்தொன்பது பேருக்கு அனுப்பிட்டா! ‘ஃப்ரெண்ட்ஸ்’னு சொல்றா. முப்பத்தொன்பது ஃப்ரெண்ட்ஸ்!”

“வில்ஃப் அங்க அழுதுகிட்டிருக்கான் சார்.”

ஆக்டன் கண்களைத் தாழ்த்தினார். பிறகு மெதுவாக...

“உங்க படத்துக்கு மார்க் போடறது நான்தான். அந்த ஒரு டேக் மட்டும் இல்லாம இருந்தா... முழு மார்க்.”

“முழு மார்க்கா?” என்றான் ஜெத்ரோ. “லோகோவுக்கும் சேர்த்தா சார்?”

டாம்சின் அவனைப் பார்த்த பார்வையில் கறுப்புக் கண்ணாடியே வியர்த்தது. கார்டைப் பிடுங்கினாள். ஆக்டனை இடித்துக்கொண்டு ஓடினாள்.

லோர்னா க்ராக் முழு டேக்கையும் பார்த்தார். இரண்டு முறை. முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. கார்டைக் கழற்றி மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார்.

“நன்றி. கிளாஸுக்குப் போங்க.”

“மேடம்... வில்ஃப்?”

“உட்காரும்மா.” குரலில் தேன். “ஒரு மாணவன் செஞ்சா அது மாணவனோட தப்பு. ஒரு ஆசிரியர் செஞ்சா அது கல்லூரியோட தப்பு. தேர்வு மையமே பறிபோயிரும். எண்ணூறு பேர் இங்க படிக்கிறாங்க. வில்ஃப் சின்னப் பையன். ஒரு வருஷம் போனா என்ன?”

“அவன் செய்யலைன்னு உங்களுக்குத் தெரியும்!”

“எனக்கு எதுவும் தெரியாது. உனக்கும் தெரியாது. வேற காப்பி இருக்கா?”

டாம்சின் உதட்டைக் கடித்தாள். இல்லை. ஒரே ஒரு கார்டு. அதையும் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். கண்கள் நிறைந்தன.

வாசலில் ஒரு கனைப்பு.

ஜெத்ரோ! முதல்முறையாக, கறுப்புக் கண்ணாடி இல்லாமல்.

“வந்து... ஒரு காப்பி இருக்கு மேடம்.”

“எங்கே?”

“தேர்வு வாரியத்துல.”

க்ராக்கின் நாற்காலி கிறீச்சிட்டது. “என்னது?!”

“சனிக்கிழமையே லேப்டாப்ல காப்பி பண்ணிக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை நானே எடிட் பண்ணி, வாரியத்தோட தளத்துல ஏத்திட்டேன். மத்த டேக் எல்லாத்துலயும் பிணம் சிரிக்குது, சொறியுது. ஒன்பதுலதான் மங்கலா இருந்ததால தெரியல. அதான் அதையே போட்டேன்.”

“நாம சேர்ந்து எடிட் பண்றதாத்தானே பேச்சு?” டாம்சினின் கண்ணீர் சட்டென்று நின்றது. “ஏன்டா தனியா அனுப்பின?”

“டைட்டில்ல... ‘எடிட்டிங்: ஜெத்ரோ பாஸ்க்’னு போட்டுக்கலாம்னு...”

“என் பேரு?”

“கேமரா?”

“ஆமா, கேமரா!”

“அதுலயும்... என் பேருதான்.”

“அடப்பாவி!”

“சாண்ட்விச்சுக்கு உன் பேரு போட்டிருக்கேன்!”

“அடங்குங்க!” க்ராக் மேசையில் தட்டினார். “பின்னால ஆக்டன் நிக்கிறது உனக்குத் தெரியலையா?”

“யாரோ நிக்கிறது தெரிஞ்சுது மேடம். குறியீடுன்னு நினைச்சேன். விளக்கக் கட்டுரைல எழுதிட்டேன்கூட. ‘பின்னணியில் தெரியும் உருவம், மனித குலத்தின் குற்ற உணர்ச்சி.’ அறுநூறு வார்த்தை!”

க்ராக் ஜன்னலைப் பார்த்தார். டிராயரைப் பார்த்தார். போனைப் பார்த்தார். பத்து விநாடி யோசித்தார்... பூட்டைத் திறந்தார். கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார். எண்ணை அழுத்தினார்.

“ஹலோ, தேர்வு வாரியமா? கேள்வித்தாள் விஷயமா பேசறேன். ராப்பகலா விசாரிச்சு, குற்றவாளியை நானே கண்டுபிடிச்சுட்டேன்!”

டாம்சின் வாசலை நோக்கித் திரும்பினாள். வெளியே வராந்தாவில் வில்ஃப் காத்திருந்தான். அவனிடம் முதலில் சொல்லவேண்டும்.

ஓடினாள்.

அன்று மாலையே ஆக்டன் நீக்கப்பட்டார். போகும்போது வில்ஃப் முன்னால் நின்று, “மன்னிச்சிரு” என்றார். பிரையனியும் அவளுடைய முப்பத்தொன்பது நண்பர்களும் அந்தத் தேர்வை இழந்தார்கள். மற்றவர்களுக்குப் புதிய கேள்வித்தாள் வந்தது. வில்ஃப் எழுதினான். லீட்ஸில் அவன் இடம் பிழைத்தது. க்ராக்குக்குப் பாராட்டுக் கடிதம்!

ஆகஸ்டில் படத்தின் மதிப்பெண் வந்தது. மூவரும் கடற்கரையில் சிப்ஸ் பொட்டலத்தோடு உட்கார்ந்து திறந்தார்கள். ஆக்டனுக்குப் பதிலாக வாரியத்தில் படத்தைத் திருத்தியவருக்கு நடந்த கதை எதுவும் தெரியாது போலிருக்கிறது.

டாம்சின் படித்தாள்.

“‘கதை விளங்கவில்லை. விண்வெளி உடையில் கார் கம்பெனியின் பெயர் தெரிகிறது. பிணம் மூச்சு விடுகிறது. ஆனால் பின்னால் திருடனாக நடித்தவர் அபாரம். அந்தப் பதற்றம், அந்தக் குற்ற உணர்ச்சி! அவரையே கதாநாயகனாகப் போட்டிருக்கலாம்.’”

ஜெத்ரோ பெருமூச்சு விட்டான்.

“அடுத்த படத்துல போட்டுடலாமா?”

“கஷ்டம்டா,” என்றான் வில்ஃப், சிப்ஸை மென்றபடி. “போலீஸ் அவரோட கால்ஷீட்டை மொத்தமா வாங்கிருச்சு!”