கீழறுப்பு

வாள்மன்றத்துக்குப் போக வேண்டிய நாளிலும் ஜெசிந்தா குடத்தோடு குழாயடியில் நின்றாள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் இருந்து வரும் குழாய் அது. மாலைவரைதான் வடக்குக் குடியிருப்புக்குச் சொந்தம். அதன்பிறகு வடக்கா தெற்கா என்பதை அவளுடைய நெடுவாள் சொல்லும். முன்னால் நின்ற பெண்கள் விலகி அவளுக்கு வழிவிட்டார்கள்.

கடல் ஏறிப் பாதித் தூத்துக்குடி முழுகிய பிறகு வழக்குகள் இப்படித்தான் தீர்ந்தன. பக்கத்துக்கு ஒருவர், இரு கைகளாலும் பிடிக்கும் பழைய ஜெர்மானிய நெடுவாள். வாளுக்குக் கூர் கிடையாது. ஆனால் உடலை மூடிய நரம்புறையில் அதன் விளிம்போ முனையோ பட்டால், பட்ட உறுப்பு முழுவதும் நரம்புகள் நிரந்தரமாகச் செத்துவிடும். கழுத்தில் பட்டால் மூச்சு நின்றுவிடும்.

கூடவே பயிற்சி எடுத்த தோழி வெரோனி, நரம்புறையின் பட்டிகளை இறுக்கினாள்.

“தெக்குப் பக்கத்துல நிக்கப்போற லூர்து கையை மேல தூக்கிட்டு ஓடி வருவான். அவனுக்கு வேற வராது. நீ முனையை நீட்டிட்டு நில்லு. தொண்டை தானா வந்து விழும்.”

“கீழறுப்பு போட்டா?”

வெரோனியின் விரல்கள் நின்றன. “கிறுக்கா ஒனக்கு? கீழயிருந்து மணிக்கட்டை அறுத்தா அவன் ஆயுசுக்கும் நீதான் கை. ஊட்டணும், குளிப்பாட்டணும். செத்துட்டான்னா ஒரு பொறுப்பும் இல்ல. யாராவது அறுத்து நீ பாத்துருக்கியாட்டி?”

பார்த்ததில்லை. எடுத்த உறுப்புக்கு வென்றவரே ஈடாக இருக்க வேண்டும் என்று இரக்கத்தோடு எழுதிய சட்டம்தான். அது வந்த பிறகு தோற்றவர் எவரும் மன்றத்திலிருந்து உயிரோடு திரும்பவில்லை.

மணல் களத்தில் லூர்து எதிரே நின்றான். ஆலையின் தெற்குப் பிரிவில் குழாய் பொருத்துகிறவன். அவனுடைய உதடுகள் எதையோ முணுமுணுத்தன. செபமாக இருக்கலாம். மணி ஒலித்தது.

வெரோனி சொன்னபடியே வந்தான். வாள் தலைக்கு மேலே, கைகள் உயர்ந்து, தொண்டை திறந்து. ஜெசிந்தாவின் முனை நேராக அதை நோக்கியே இருந்தது. அப்படியே நின்றால் போதும்.

அவள் இடப்பக்கம் விலகினாள். இறங்கி வந்த அவன் மணிக்கட்டுகளுக்கு அடியில் வாள்விளிம்பை வைத்து, மேல்நோக்கி அழுத்தி, தன் பக்கம் இழுத்தாள். அவன் வாள் மணலில் விழுந்தது. லூர்து நின்றான். விரல்களை மடக்கப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான்.

குழாய் வடக்குக்கே என்று தீர்ந்தது. ஆனாலும் வடக்குப் பக்கம் யாரும் கைதட்டவில்லை. வெரோனி எழுந்து வெளியே போய்விட்டாள்.

சட்டப்படி அவனை ஜெசிந்தாவின் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். சுவரோரம் உட்கார்ந்தான். கைகள் மடியில் கிடந்தன.

“கொன்னுருக்கலாம்லா,” என்றான்.

அவள் சோறு பிசைந்தாள். சோற்றை நீட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டான். தண்ணீருக்கும் அப்படித்தான். மறுநாளும் அவள் பிசைந்து வைத்த சோறு தட்டிலேயே காய்ந்தது. ஒரு மனிதன் தன் வீட்டில் பட்டினி கிடந்து சாவதைப் பார்க்கப் போகிறோமோ என்று பயந்தாள்.

உச்சிவெயிலில் அவன் திடீரென்று தோளை முகத்தருகே கொண்டுபோனான். எட்டவில்லை. முழங்காலில் உரசப் பார்த்தான். பிறகு தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

“மூக்கு அரிக்குது,” என்றான்.

அவள் அருகே போய் மண்டியிட்டாள்.

“எந்தப் பக்கம்?”

“எடது பக்கம். இன்னும் கொஞ்சம் மேல.”

அவள் விரல் நகர்ந்தது. அவன் முகத்தைத் திருப்பவில்லை.